மதுரையா, சிதம்பரமா?

போன தை மாசம் உசிலம்பட்டியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம. பந்தியில் இலை போடுவதற்குள் பெரியப்பா புது மாப்பிள்ளையை இழுத்து வைத்துக் கேட்டார்: "என்ன மாப்ள, உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" பொண்டாட்டி ஆட்சியா, புருஷன் ஆட்சியா என்று அர்த்தம். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே "மதுரைதான் மாமா" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் நான் குடியிருப்பது மதுரையில், காளவாசலில். எனக்குத் தெரியும், மதுரையில் நடப்பதே சிதம்பரம் ஆட்சிதான்.

மீனாட்சியைக் காட்டி இந்த ஊர் ரொம்ப நாளாகப் பெருமையடிக்கிறது. சித்திரையில் பட்டாபிஷேகம் ஆனால் ஆவணி வரை நாலு மாசம் அம்மன் ஆட்சி. மிச்ச எட்டு மாசம் சுவாமி ஆட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 33 சதவீதம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சியில் பெண்களுக்குக் கொடுத்ததும் அதே மூன்றில் ஒரு பங்குதான். அம்மனின் செங்கோலையே ஒரு பெண் கையில் வாங்குவது இங்கே பிரச்சனை. கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் ருக்மணி பழனிவேல்ராஜன் கணவரை இழந்தவர், அவர் செங்கோலை வாங்கக் கூடாது என்று 2024-இல் ஒருவர் நீதிமன்றம் வரை போனார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு தோற்றுவிட்டது, சரி. அந்த வழக்கைப் போடத் தோன்றிய மனசு எங்கேயும் போய்விடவில்லை.

பெண் பிரதிநிதித்துவம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு முதலில் வில்லாபுரம்தான் ஞாபகம் வரும். இட ஒதுக்கீட்டோடு 1996-இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில் வில்லாபுரம் மக்கள் மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கவுன்சிலர் வேலையை நிஜமாகவே செய்தார். ஏரியாவுக்குக் குடிதண்ணீர் கேட்டார். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்தார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொலைக்காகத் தண்டனை பெற்றவர்களில் சிலரை 2008-இல், அண்ணா நூற்றாண்டை ஒட்டி, அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

பெண்கள் பாதுகாப்பு தனி, பெண்கள் பிரதிநிதித்துவம் தனி என்று இரண்டு தலைப்பு போட்டுக் கூட்டம் நடத்துகிறவர்கள் லீலாவதியை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள்? கிடைத்த நாற்காலியைப் பயன்படுத்தினதுக்காகத்தான் அவரைக் கொன்றார்கள். அந்தக் கொலையிலிருந்து இந்த ஊர் அரசியல் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நாற்காலியில் பெண் உட்காரட்டும், வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். அப்படி இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

2016-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி ஒதுக்கீடு 50 சதவீதம் ஆனது. கைதட்டினோம். அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. நகர்ப்புறத்துக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் மதுரையை ஆண்டது அதிகாரிகள். ஸ்மார்ட் சிட்டி என்று தெருவெல்லாம் தோண்டினார்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு பெண்கூட இல்லை. மன்றமே இல்லை. சட்டத்தில் பாதி இடம், நிஜத்தில் பூஜ்யம்.

2022-இல் 100 வார்டில் பாதி பெண்களுக்கு வந்தது. மேயர் பதவியும் பெண்களுக்கு. இந்திராணி பொன்வசந்த் மேயரானார். 2025 ஆகஸ்டில் சொத்துவரி முறைகேடு வழக்கில் அவருடைய கணவர் கைதானார். அக்டோபரில் மேயர் ராஜினாமா செய்தார். கைது தீர்ப்பு ஆகாது, வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கோபம் வந்தது டீக்கடையில். "பொம்பளைய மேயராக்குனா இப்படித்தான்" என்றார் ஒருத்தர். ஏண்ணே, இத்தனை வருஷத்தில் முறைகேடு வழக்கில் மாட்டின ஆண் அரசியல்வாதிகளை எண்ணி முடியுமா? ஒரு தடவையாவது "ஆம்பளைய உட்கார வச்சா இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறீர்களா?

தோழி ஒருத்தி குடியிருக்கும் தெருவில் விளக்கு எரியவில்லை என்று அவளோடு கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். எந்த வார்டு என்பது வேண்டாம். கவுன்சிலர் பெண். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் வீட்டுக்காரர். "சொல்லுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். தன்மையான மனிதர்தான். அடுத்த வாரமே விளக்கு எரிந்தது. ஆனால் சாயங்காலம் அந்தத் தெருவில் வந்து நிற்கும் பையன்களைப் பற்றி அவள் சொல்ல நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. "அந்தக்கா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்டி" என்றாள். அந்தக்கா உள்ளே அடுப்படியில் இருந்தார். எங்களுக்கு டீ கொடுத்தனுப்பினார்.

பெண் கவுன்சிலர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அந்த டீ டம்ளர். சொல்லப்படாமலே திரும்பிப் போன புகார் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. அதனால் "நம்ம ஊர்ல பெரிசா புகாரே இல்லையே" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

பாதுகாப்பு போலீஸ் வேலை, மாநகராட்சி என்ன செய்யும் என்று அடுத்துக் கேட்பார்கள். 2024 செப்டம்பர் 12 விடிகாலையில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. அன்றைக்கே இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். கட்டடம் பழசு, இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்று பிறகு செய்தி வந்தது. நோட்டீஸ் ஒரு பக்கம் இருந்தது, பெண்கள் இன்னொரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-இலிருந்தே சட்டம் இருக்கிறது. இதில் போலீஸ் எங்கே வருகிறது? காளவாசலுக்கு வருவதற்கு முன்னால் நானும் இரண்டு வருஷம் விடுதியில் இருந்தவள். ஜன்னல் திறக்காத அறையில் நாலு பேர். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்களைக் கேளுங்கள், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். 2025-இல் வந்த தூய்மைத் தரவரிசையில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம். குப்பையை நினைத்து ஊரே வெட்கப்பட்டது. தண்ணீர் குடிக்காமல் நிற்கிற பெண்ணை நினைத்து யார் வெட்கப்பட்டார்கள்?

சென்னை மாநகராட்சி நிர்பயா நிதியில் 2022-இல் பாலினத்துக்கென்றே ஒரு கொள்கை ஆய்வகம் தொடங்கியது. பஸ் நிறுத்தம், கழிப்பறை, தெரு எல்லாவற்றையும் பெண் கண்ணோடு பார்ப்பது அதன் வேலை. அந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது எட்டு பெருநகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை மட்டும். "நமக்கு அந்த நிதி இல்லையே" என்று சொல்லலாம். ராத்திரி பத்து மணிக்குப் பெண் கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் தங்கள் வார்டைச் சேர்ந்து நடந்து பார்க்க எந்த நிதி வேண்டும்? வார்டில் எந்தெந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது என்று எழுதி அலுவலக வாசலில் ஒட்ட ஒரு வெள்ளைத்தாள் போதும். கவுன்சிலர் நாற்காலியில் கவுன்சிலர் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சொல்ல அந்தத் தாள்கூட வேண்டாம்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். என்னை வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பது பரோட்டாக் கடை வெளிச்சம். கல்லில் கொத்துகிற சத்தம் கேட்கிற தூரம் வரை பயமில்லை. கடை லீவு என்றால் வேறு தெருவில் சுற்றிப் போவேன். தூங்கா நகரம் என்கிறார்கள். தூங்காமல் என்னைப் பார்த்துக்கொள்வது அந்த மாஸ்டர் அண்ணன்தான். அவர் எனக்கு ஓட்டு கேட்டு வந்ததில்லை.

ஓட்டு கேட்டு வரப்போகிறவர்களுக்கும் நாள் நெருங்குகிறது. இந்த மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. தெருமுனையில் பிளக்ஸ் வைப்பார்கள். வேட்பாளர் பெண்ணாக இருந்தால் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்கும் அவர் புருஷன் படம் எவ்வளவு பெரிசு என்று பாருங்கள். வாசலுக்கு வந்தால் அவரை விட்டுவிட்டு அந்தக்காவிடம் மட்டும் கேளுங்கள்: "எங்க தெருவுக்கு நீங்க என்ன செய்வீங்க? ராத்திரி பத்து மணிக்கு இந்தத் தெருவுல நடந்திருக்கீங்களா?" பதில் வரக் கொஞ்சம் நேரமாகலாம். காத்திருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறந்தால், "அண்ணே, ஓட்டு உங்களுக்கா, அக்காவுக்கா?" என்று கேளுங்கள்.

அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா அதே கேள்வியைக் கேட்பார். இந்தத் தடவை நான் சிரிக்கப்போவதில்லை. "மதுரைன்னா எது பெரியப்பா, வில்லாபுரமா?" என்று கேட்கப்போகிறேன்.