தொடுபவர் ஒருவர், சிந்திப்பவர் எத்தனை பேர்?



நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இப்பொழுது அடிக்கடி எழும் பேச்சு, ‘ஸ்மார்ட் போர்டு’ எனப்படும் திறன்பலகையைப் பற்றியது. பக்கத்துப் பள்ளியில் இருக்கிறது, நம் பள்ளியில் ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்கின்றனர். பாரோயிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கும் பெற்றோருக்கு, சுவரில் ஒளிரும் அந்தத் திரை ஒரு நம்பிக்கையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால், திரை வந்துவிட்டால் கற்றல் வந்துவிடுமா?

இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டு வரலாறே போதும். 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோடிப் பள்ளிகளில் தொடங்கியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபொழுது, மடிக்கணினிகளும் ஒளிவீச்சுக் கருவிகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் மெய்நிகர் கற்றல் தளத்தோடு இன்னொரு பெருந்திட்டம் வந்தது. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கை சுட்டியது. 2019இல் அதுவும் முடிவுற்றது. கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. அவற்றை வகுப்பில் எவ்வாறு கையாளுவது என்ற சிந்தனைக்குத்தான் எப்பொழுதும் நேரம் போதவில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே உரைக்கிறது. லண்டன் இடைநிலைப் பள்ளிகளுக்குப் பெருந்தொகை செலவிட்டுத் திறன்பலகைகள் வழங்கப்பட்டன. அதனை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த அறிக்கை, முதலாம் ஆண்டில் மாணவர் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்றது. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பலகையைத் தொட எழுந்து வருவதால், சில வகுப்புகளில் பாடத்தின் வேகம் குறைந்ததையும் அது எடுத்துக்காட்டியது. நம் வகுப்பறைக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை இதுவே!

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். லகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் பாடம். திரையில் ஒரு பல்லியின் படம். கீழே ‘பல்லி’, ‘பள்ளி’ என இரு சொற்கள். ஒரு மாணவர் வந்து சரியான சொல்லை இழுத்துப் படத்தின்கீழ் வைக்கிறார். ஒலி எழுகிறது, கைதட்டுகிறோம். வகுப்பு கலகலப்பாக இருந்தது உண்மை. ஆனால், சிந்தித்தவர் ஒருவரே. மற்றையோர் பார்வையாளர்கள்.

அதே பயிற்சியைச் சற்று மாற்றுவோம். முதலில் எல்லா மாணவரும் தத்தம் சிறு வெண்பலகையில் விடையை எழுதி உயர்த்தட்டும். யார் எங்கே தடுமாறுகிறார் என்பதை ஆசிரியர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். பின்னர் ஒவ்வொருவரும் அருகிலிருப்பவரிடம் இரு சொற்களையும் ஒலித்துக் காட்டி, காரணம் கூறட்டும். அதன்பின் ஒருவர் திரையைத் தொடட்டும். இப்பொழுது திரை விடையைச் சரிபார்க்கும் கருவி மட்டுமே. வேலை செய்தது முழு வகுப்பு.

திறன்பலகைக்கே உரிய சிறப்புகளும் உண்டு. நேற்று மாணவர்கள் அமைத்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து, இன்று அவர்களையே திருத்தச் செய்யலாம். கரும்பலகையில் அவை அழிந்திருக்கும். 1/2 பங்கையும் 2/4 பங்கையும் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், பத்து நிமிட விளக்கம் ஒரே நொடியில் கண்ணுக்குப் புலப்படும். மாணவர் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் பயில நேர்கிறது. அங்கே ஒரு குழு திரையில் உள்ள பயிற்சியைச் செய்கையில், மறு குழுவோடு ஆசிரியர் அமர்ந்து வாசிப்புப் பழக்கலாம். தோட்டப்புறப் பள்ளிக்கு இது பெரும் உதவியாகும்.

அதேவேளை, எழுதுகோல் பிடித்து ‘ழ’ எழுதிப் பழகும் விரலுக்கும், வாய்விட்டு வாசிக்கும் நாவுக்கும் மாற்றாக எந்தத் திரையும் அமையாது. திரையை அணைக்க வேண்டிய நேரம் எது என்று அறிந்திருப்பதும் ஆசிரியர் திறமையே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உழைத்துச் சேர்த்த வெள்ளியை நன்கொடையாகத் தருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இப்பலகையைக் கையாள எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெறுவார்கள்? ஒருவர் மட்டும் பயின்றிருந்தால், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் பலகையும் உறங்கிவிடும்.

2. பழுதானால் சரிசெய்பவர் யார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்?

3. முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், வெயில் படாத சுவரில் அது பொருத்தப்படுமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஆங்கிலத்திலும் மலாயிலும் ஆயத்தப் பாடங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தமிழில் நாம்தான் ஆக்க வேண்டும். நாடு முழுதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு நல்ல பாடம் ஆக்கிப் பகிர்ந்துகொண்டாலும், 500 பாடங்கள் நம் கையில் இருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே இரவெல்லாம் விழித்திருந்து ஒரே பாடத்தை ஆக்குவது வீண் உழைப்பல்லவா? அப்பணிக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்கித் தருவது பள்ளி நிர்வாகத்தின் கடமை.

திறன்பலகை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால், அதன் பயனைத் திரையின் அகலத்தைக் கொண்டு அளக்காதீர்கள். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அந்தப் பாடவேளையில் எத்தனை முறை எழுதியது, எத்தனை முறை பேசியது என்பதைக் கொண்டு அளந்து பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.