பிற்பகல் தொடரின் மெதுநடை

தொலைக்காட்சித் தொடர்கள் பெண்களுக்கு என்ன கற்பிக்கின்றன? நம் கருத்தரங்குகளில் இந்த ஒரு கேள்விதான் மீண்டும் மீண்டும் எழுகிறது. 1984இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ தொடரைத் தொடங்கியபோது அரசின் அக்கறையும் அதுவே. குடும்பநலப் பரப்புரை பார்வையாளர்களுக்குக் கசந்தது. தொடக்கப் பகுதிகளுக்குப் பிறகு அதைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். தொடர் 156 பகுதிகள் ஓடியது. அடங்கிப்போகும் தாய் பகவந்தி எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டவள். பார்த்தவர்களில் பலர் அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர் என்கிறது சிங்கால், ரோஜர்ஸ் இருவரின் ஆய்வு.

1994இல் ‘சாந்தி’ பிற்பகலுக்கு வந்தது. இத்தகைய தொடர்களில் ஒரே செய்தி மூன்று முறை சொல்லப்படுவதை நாம் எள்ளுகிறோம். கதைகளின் பிற்போக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். குக்கர் விசிலுக்கு எழுந்து போய்த் திரும்புகிறாள். (பத்துப் பக்கம் தவறினால் நாவல் அவளை மன்னிக்காது.) இடையூறுகளே பொழுதாகிப்போன ஒருத்திக்காக இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் கலைவடிவம் வேறெது? பூர்ணிமா மன்கேகர் தில்லி வீடுகளில் பெண்களோடு அமர்ந்து தொடர்களைப் பார்த்து எழுதினார். நாமோ மடிக்கணினியில் இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ‘இழுவை’ என்று தீர்ப்பெழுதுகிறோம்.