உப்பைக் குறைப்போம்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால், அளவு மீறிய உப்பு நம்மை மருத்துவமனை வாசலில் நிறுத்துகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் சேரும்போது இந்த வரம்பு எளிதில் உடைகிறது.

உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கிறது. காய்கறி, பழம், முழுதானியம் நிறைந்த உணவும் உப்புக் குறைப்பும் சேரும்போது பலன் அதிகம் என்பதை, அமெரிக்காவில் 2001-இல் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வு உறுதிசெய்தது.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசேர்க்கிறது. பாராட்டுக்குரிய பணி. ஆனால், மாத்திரை மட்டும் போதாது. உப்பு மிகுந்த பாக்கெட் உணவுகளின் முன்புறத்தில் எச்சரிக்கை அச்சிடுவதை சிலி 2016-இலேயே கட்டாயமாக்கியது. இந்தியாவும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை இன்றே அகற்றுங்கள்.