பயம் வேண்டாம், சோதனை வேண்டும்!

லால்குடி சின்ன ஊர். கடைத்தெருவில் ஒருவர் தும்மினால், ரயிலடியில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், "என்ன உடம்புக்கு?" என்று நாலு பேர் கேட்பார்கள். காய்ச்சல் என்றால் சொல்லிவிடலாம். "எச்.ஐ.வி. சோதனைக்கு வந்தேன்" என்று சொல்ல வாய் வருமா?

இந்தக் கூச்சத்தால்தான் பலர் சோதனைக்குப் போவதில்லை. நோயைவிட இந்தக் கூச்சமே பொல்லாதது என்பது என் கருத்து.

எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. நோயை எதிர்க்கும் சக்தியை அது கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். அந்தச் சக்தி மிகவும் குறைந்துபோன நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி புகுந்த பிறகும் பல ஆண்டுகள் ஆள் நன்றாகவே இருப்பார். வயலுக்குப் போவார், வியாபாரம் பார்ப்பார். முகத்தைப் பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

ரத்தம் சொன்ன உண்மை

"இது வெளிநாட்டு நோய், நமக்கு வராது" என்றுதான் ஒரு காலத்தில் நம் நாட்டில் பலரும் நினைத்தார்கள். அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற இளம் டாக்டர் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். அதை வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தினார். பிறகு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது! இது நடந்தது 1986-ல். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாட்டுக்கு நடந்தது வீட்டிலும் நடக்கலாம். கணவனுக்குத் தெரியாமல் மனைவிக்கும், தாய்க்குத் தெரியாமல் குழந்தைக்கும் இந்தக் கிருமி போய்ச் சேரலாம்.

தெரிந்தால் என்ன லாபம்?

லாபம் உயிர்தான். 2004 முதல் அரசு இதற்கு இலவசமாக மருந்து கொடுக்கிறது. திருச்சி அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிறது. கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிட்டால், கிருமி அடங்கிக் கிடக்கும். சீக்கிரம் தொடங்கினால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம். சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே இருந்தால், உடலுறவால் துணைக்கும் தொற்றாது.

கர்ப்பிணிகள் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றலாம். சிகிச்சை எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

ரகசியம் காக்கப்படும்

அரசு மருத்துவமனைகளில் உள்ள "நம்பிக்கை மையம்" என்ற இடத்தில் சோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை. கிருமி சமீபத்தில் புகுந்திருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிப்பது நல்லது.

உள்ளூரில் கூச்சமாக இருக்கிறதா? திருச்சிக்கு ரயிலேறுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். குற்றம் சாட்டப் போக வேண்டாம். குடும்பத்தைக் காக்கப் போங்கள்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. தொட்டுப் பேசினாலோ, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ, கொசு கடித்தாலோ இந்த நோய் ஒட்டாது. ஆகவே யாரையும் ஒதுக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவரைப் பார்த்தால், "என்ன உடம்புக்கு?" என்று கேட்காதீர்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். அந்தச் சின்ன உபகாரம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.