பொறிவண்டின் முதுகில் எழுதியிருந்தது

சீன மரபியலின் முன்னோடி டான் ஜியாசென் 1909-இல் நிங்போவில் பிறந்தவர். பெய்ஜிங்கின் யென்சிங் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக எடுத்துக்கொண்ட பொறிவண்டுகளிடம் அவர் பின்னாளில் மீண்டும் திரும்பினார். கலிபோர்னியாவில் மரபியலாளர் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் டாப்ஜான்ஸ்கியிடம் பழ ஈக்களை ஆராய்ந்து, 1936-இல் முனைவரானார். மறு ஆண்டு நாடு திரும்பி செஜியாங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஜப்பானியப் படையெடுப்பால் பல்கலைக்கழகமே ஊர் ஊராக இடம்பெயர்ந்து, குய்சோ மாகாணத்தின் மெய்டானுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு குடும்பத்தாரின் முன்னோர் மண்டபம்தான் அவருக்கு ஆய்வுக்கூடம். அங்கே அவர் இணைசேர்த்த பொறிவண்டுகளில் ஒன்றுக்கு முன்சிறகின் மேற்பகுதி கறுப்பு. இன்னொன்றுக்குக் கீழ்ப்பகுதி கறுப்பு. இரண்டும் கூடிப் பிறந்த வண்டின் சிறகில் இரு கறைகளும் சேர்ந்தே தெரிந்தன. ஒரு பண்பு மற்றதை முழுக்க மறைக்கவில்லை; சிறகின் ஒவ்வொரு பகுதியிலும் கறுப்பே மேலோங்கியது. இதை விளக்கி 1946-இல் வெளியான கட்டுரைதான் அவருடைய ஆகச் சிறந்த பங்களிப்பு.

1950-களில், மரபணுவை மறுத்த சோவியத்தின் லைசென்கோ கொள்கை சீனத்தில் கோலோச்சியபோது மரபணு பற்றிப் பாடம் நடத்தவே வழியில்லை. அந்தப் போலி அறிவியலுக்கு அவர் பணியவில்லை. அந்த உறுதி கண்டுபிடிப்புக்குக் குறைந்ததல்ல. 1956-இல் சிங்தாவ் நகரில் நடந்த மரபியல் கருத்தரங்குக்குப் பின் தடை தளர்ந்தது. 1961-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் மரபியல் நிறுவனத்தை அமைத்தார். கலாசாரப் புரட்சியில் கொடுமைக்கு ஆளாகி, மனைவியையும் இழந்தார். அதன்பின்னும் மாணவர்களை உருவாக்குவதிலேயே வாழ்ந்து, 2008-இல் ஷாங்காயில் மறைந்தார்.