மலிவான அரக்கர்களும் மதிப்பிற்குரிய சாபங்களும்

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியர் குறைந்த செலவில் எடுத்துக் குவித்த கடல் அரக்கப் படங்களைப் பற்றித் தமிழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ரப்பர் மீன், தொட்டிக்குள் மிதக்கும் பொம்மைப் படகு, உதட்டசைவோடு ஒட்டாத ஆங்கிலக் குரல் என்று அவை நகைப்புக்கு இடமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், கடலில் நேரும் சாவுக்கு யார் பொறுப்பு என்ற ஒரே ஒரு கேள்வியில் இம்மலிவான படங்கள், நாம் பாடத்திட்டத்தில் வைத்துப் போற்றும் கடற்படைப்புகளைவிட நேர்மையானவை என்பது என் கருத்து. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட உதியன்குளங்கரையில் இருந்துகொண்டு இக்கருத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ 1975இல் வெளிவந்து உலகெங்கும் பணம் குவித்ததும், உரோமையின் சிறு தயாரிப்பாளர்கள் அதை நகலெடுக்கத் தொடங்கினர். என்சோ காஸ்தெல்லாரி 1981இல் இயக்கிய ‘கடைசிச் சுறா’ மூலத்தை அப்பட்டமாகப் பின்பற்றியதால், யுனிவர்சல் நிறுவனம் நீதிமன்றம் சென்று அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்தே அதை அகற்றச் செய்தது. நகல் என்ற சொல்லோடு விமரிசகர்கள் நின்றுவிட்டார்கள். ஆனால் மற்ற நகல்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. ‘ஜாஸ்’ படத்து நகரத் தலைவர் ஆபத்தை மறைக்கிறார். சுற்றுலா வருமானத்துக்காகக் கடற்கரையைத் திறந்துவைக்கிறார். சுறா எங்கிருந்தோ தானாக வருகிறது. இத்தாலியப் படங்களிலோ ஆபத்தை உண்டாக்குவதே நிறுவனம்தான். மறைத்தவன் என்ற இடத்திலிருந்து செய்தவன் என்ற இடத்துக்குக் குற்றம் நகர்ந்துவிடுகிறது.

1977இல் வந்த ‘டென்டாகோலி’யை எடுத்துக்கொள்வோம். ஒவிதியோ அசொனிதிஸ், ஆலிவர் ஹெல்மன் என்ற புனைபெயரில் இயக்கிய படம். கடலடியில் சுரங்கப்பாதை அமைக்கும் நிறுவனம் ஒன்று அனுமதிக்கப்பட்ட அளவை மீறி ஒலியலைகளைப் பயன்படுத்துகிறது. அதனால் வெறிகொண்ட பேரளவு ஆக்டோபஸ் கரையோர மக்களைக் கொல்கிறது. ஜான் ஹூஸ்டன் பத்திரிகையாளராக வந்து தடயங்களைத் தேடுகிறார். நிறுவனத்தின் தலைவர் ஹென்றி ஃபோண்டா. மரியோ பாவாவின் மகன் லம்பெர்த்தோ பாவா 1984இல் எடுத்த ‘அரக்கச் சுறா’வில் அந்த உயிர், இரகசிய இராணுவ ஆய்வில் பிறந்த கலப்பினம். (தந்தை ஜான் எம். ஓல்ட் என்ற பெயரில் படமெடுத்தவர் என்பதால் மகன் ஜான் ஓல்ட் ஜூனியர் ஆனார். தமிழில் இப்படிப் பெயர் சூட்டிக்கொள்ளும் துணிவு யாருக்கும் வரவில்லை.) ஃபப்ரிசியோ தெ ஆஞ்செலிஸ் 1989இல் எடுத்த ‘கொலைகார முதலை’யில் சதுப்பு நீரில் வீசப்பட்ட நச்சுக்கழிவுப் பீப்பாய்கள்தாம் முதலையைப் பெருக்கவைக்கின்றன, அவற்றை வீசியவனுக்கு உள்ளூர் அதிகாரம் துணைபோகிறது.

இவற்றுள் நான் மிகவும் மதிப்பது செர்ஜியோ மார்த்தினோ 1979இல் இயக்கிய ‘மீன் மனிதர்களின் தீவு’. கதை 1891இல், கரீபியன் தீவொன்றில் நிகழ்கிறது. கடலுக்குள் மூழ்கிய பழைய நகரத்தின் செல்வத்தை மேலே கொண்டுவர ஒரு முதலாளிக்கு ஆள் வேண்டும். மூச்சடக்கி அவ்வளவு ஆழம் செல்ல மனிதரால் இயலாது. ஆகவே அறிவியலாளர் ஒருவர் மனிதர்களையே நீரில் வாழும் உயிர்களாக மாற்றித் தருகிறார். ஒரு திரவத்தைக் கொடுத்து அவர்களைப் பணியவைக்கிறார்கள். படம் தொடங்கும்போது நீருக்குள்ளிருந்து எழும் அந்தச் செதிலுடல்களைக் கண்டு அஞ்சுகிறோம். படம் முடியும்போது அவர்கள் கூலியில்லாத மூழ்காட்கள் என்று அறிந்திருக்கிறோம். முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் படித்த எவருக்கும் இந்தக் கற்பனை முழுக் கற்பனையாகத் தோன்றாது. அமெரிக்காவில் ரோஜர் கோர்மனின் நிறுவனம் இப்படத்தை வாங்கி, வெட்டி, புதிய காட்சிகளை ஒட்டி, தோல் உரிந்து உள்ளும் புறமும் திரும்பிய மனிதர்களைக் காட்டுவதாக விளம்பரம் செய்து 1981இல் வேறு பெயரில் வெளியிட்டது. அந்த விளம்பரம் வாக்களித்த மனிதர்கள் படத்தில் இல்லை.

இயக்குநர்கள் எல்லாரும் முற்போக்காளர்கள் என்று நான் சொல்லவில்லை. பணமின்மைதான் இதைச் செய்தது என்பது என் ஊகம். ரப்பர் உடலைச் சில நிமிடங்களுக்கு மேல் காட்டினால் தையல் தெரிந்துவிடும். மீதி ஒன்றேகால் மணி நேரத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். மலிவாக நிரப்பக்கூடியது அறைக்குள் நடக்கும் பேச்சு. எனவே அலுவலகம், ஆய்வுக்கூடம், கோப்பு, தொலைபேசி, மழுப்பும் அதிகாரி, துருவிக் கேட்கும் நிருபர் எல்லாம் வருகின்றன. அரக்கனைக் காட்ட வசதியில்லாத படம் அரக்கனை உண்டாக்கியவர்களைக் காட்ட நேர்கிறது. ஸ்பீல்பெர்க்கின் இயந்திரச் சுறாவும் அடிக்கடி பழுதாகி, அதனாலேயே அதை மறைத்துவைத்து எடுத்தார். அதைக் கலை என்கிறோம். இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 1963இல் வயோந்த் அணைப் பேரழிவில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை இழந்து, 1976இல் செவெசோவில் தொழிற்சாலை நச்சுப்புகையைச் சுவாசித்த நாட்டில், நிறுவனமே குற்றவாளி என்ற கதை திரையரங்கில் நம்பும்படி இருந்திருக்கும்.

இப்படங்களில் பெண்ணுடலை விற்கும் மலிவு உண்டு. தீவின் கறுப்பின மக்களைச் சூனியக்காரர்களாகக் காட்டும் பழைய நோய் உண்டு. அவற்றை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்துக்கு வருவோம்.

நம் நிலப்பகுதியின் மாபெரும் கடற்படைப்பு ‘செம்மீன்’. தகழி 1956இல் எழுதியதைத் தமிழில் தந்தவர் நாகர்கோவிலின் சுந்தர ராமசாமி. ராமு காரியாட்டின் படம் 1965ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கத்தைத் தென்னிந்தியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு சுறா இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இரவில் தனியே கடலுக்குப் போன பழனி பெரிய சுறா ஒன்றைத் தூண்டிலில் மாட்டி, அதோடு போராடிச் சுழிக்குள் அமிழ்கிறான். அவன் ஏன் இறந்தான்? சுறாவாலும் அல்ல, காற்றாலும் அல்ல. கரையிலிருந்த கறுத்தம்மா பழைய காதலனைச் சந்தித்ததால். கரையில் இருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனுக்குக் காப்பு என்ற நம்பிக்கையின்மேல் கதை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் சலில் சௌதுரியின் இசையும் அந்தக் குற்றச்சாட்டை அழகாக்கித் தருகின்றன. அழகாக இருப்பதால் அது குற்றச்சாட்டு என்பதே நமக்குத் தெரிவதில்லை. கல்பனா ராம் குமரிக் கடலோரத்தில் களப்பணி செய்து 1991இல் வெளியிட்ட ‘முக்குவப் பெண்கள்’ என்னும் ஆய்வைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கரையிலிருக்கும் பெண்ணின் கையில்தான் கடனும் வரவுசெலவும் குடும்பத்தின் பிழைப்பும் இருக்கின்றன. மேட்டுநிலத்து வாசகர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது கற்பை மட்டுமே.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் வந்த ‘கிங்ஸ்டன்’ தமிழின் கடல் திகில் படமாக விளம்பரம் பெற்றது. தூத்துக்குடிப் பக்கத்துக் கற்பனைச் சிற்றூர், கடலுக்குள் போனவர் திரும்புவதில்லை, காரணம் சாபம். தொழில்நுட்பத்தில் இத்தாலியர் எவரும் கனவு காணாத வசதி. பொறுப்பு மட்டும் மீண்டும் ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இந்தியில் தர்மேந்திராவை வைத்து நெடுங்காலம் இழுபட்டு 1996இல் வெளியான ‘ஆதங்க்’ என்ற சுறாப் படம் இருக்கிறது. வினோத் மெஹ்ரா மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின் அவர் நடித்த அப்படம் திரைக்கு வந்தது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

இனி உதியன்குளங்கரை. தேசிய நெடுஞ்சாலை ஊர் இது. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தெற்கே சிறிது தொலைவில் பொழியூர், அதை ஒட்டி நீரோடி, அங்கிருந்து இரயுமன்துறைவரை நீளும் தூத்தூர் வட்டார மீனவ ஊர்கள். 1956இல் விளவங்கோடு சென்னை மாகாணத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனபோது இக்கரையும் இரண்டாகப் பிரிந்தது. அதனால் கடற்செய்திகள் எங்களுக்கு இருமொழியில் வருகின்றன. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாப் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். சுறாவை அரக்கனாகக் காண இவர்களுக்கு முகாந்திரமே இல்லை. அது அவர்களுடைய தொழில். அவர்கள் அஞ்சுவது வேறு.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால், என்ரிகா லெக்ஸி என்ற எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்திலிருந்த கடற்படை வீரர்கள் இருவர் ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டனர். இருவர் இறந்தனர், அவர்களுள் ஒருவர் இக்குமரிக் கரையின் இளைஞர். கப்பல் இத்தாலியக் கப்பல். கடற்கொள்ளையர் என்று எண்ணியதாகச் சொன்னார்கள். உயரத்திலிருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு, வலையோடு வந்துகொண்டிருந்த மனிதர்கள் நீரிலிருந்து எழுந்த ஆபத்தாகத் தெரிந்தார்கள். வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2020இல் முடிவு செய்தது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. மார்த்தினோவின் தீவில் மீன் மனிதர்களை முதன்முதலில் காணும் கப்பற்சேதத்துக்குத் தப்பியவர்களும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். வேறுபாடு என்னவெனில், படம் அவர்களைக் கரையிறக்கி, யார் இவர்களை இப்படி ஆக்கியது என்று விசாரிக்கவைக்கிறது.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு மூழ்கியது. அவற்றுள் சிலவற்றில் கால்சியம் கார்பைடு. சில நாள்களில் திருவனந்தபுரம் கரையிலும் குமரிக் கரையிலும் வெண்மணிகளாகப் பிளாஸ்டிக் ஒதுங்கத் தொடங்கியது. மீனை வாங்க மக்கள் தயங்கினார்கள். தெ ஆஞ்செலிஸின் பீப்பாய்களை இதற்குப் பின் நான் சிரித்துக்கொண்டு பார்க்கவில்லை. பொழியூரில் ஆண்டுதோறும் வீடுகள் கடலுக்குப் போகின்றன. துறைமுகம், தடுப்புச்சுவர், மணல் இடப்பெயர்ச்சி என்று காரணங்களைப் பற்றிய வாதம் நடக்கிறது. 2022இல் விழிஞ்ஞத்தில் மீனவர் நடத்திய நெடும் போராட்டமும் இதைக் குறித்தே. இந்த வாதத்தில் கோப்புகள் இருக்கின்றன, மழுப்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள், துருவிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் உரோமைத் தயாரிப்பாளருக்குத் தேவையான அனைத்தும் இருக்கின்றன. நம்மிடம் அதை வைத்து எடுத்த ஒரு திகில் படம் இல்லை. சாபம் மட்டும் இருக்கிறது.

கடலும் திரையும் என்று ஆய்வுத்தலைப்பு எடுக்கும் மாணவர்கள் ‘செம்மீ’னில் தொடங்கி ‘செம்மீ’னில் முடிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே: ஒவ்வொரு படத்திலும் சாவின் காரணம் என்று யார் பெயர் சொல்லப்படுகிறது என ஓர் அட்டவணை போடுங்கள், எத்தனையில் அது ஒரு பெண், எத்தனையில் ஓர் ஊர், எத்தனையில் ஒரு நிறுவனம் என்று எண்ணுங்கள். இத்தாலியப் படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்கள் ‘மீன் மனிதர்களின் தீ’விலிருந்து தொடங்கலாம்; வெட்டப்பட்ட அமெரிக்க வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். ‘அரக்கச் சுறா’வுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதன் அரக்கனை முழுதாகப் பார்க்க நெடுநேரம் ஆகும். பார்த்தபின் ஏன் காட்டினார்கள் என்று தோன்றும்.