பின்னணியா, நிலமா? ஆல்பிரெக்ட் டியூரரின் ‘புனித எஸ்தாக்கியார்’ செதுக்கோவியத்தை முன்வைத்து

மேலைக் கிறித்தவ ஓவியங்களைத் தமிழில் விளக்குவோர் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டைக் கைக்கொள்கின்றனர். புனிதர் இன்னார் என்பதை முதலில் கூறுவர். அவருக்குரிய அடையாளப் பொருளை அடுத்துச் சுட்டுவர். ‘பின்னணியில் மலையும் மரங்களும் கோட்டையும் காணப்படுகின்றன’ என்று முடிப்பர். ‘பின்னணி’ என்னும் அச்சொல் ஒரு முடிவைத் தன்னுள் மறைத்து வைத்துள்ளது. நிலம் என்பது நிகழ்ச்சிக்குப் பின்னால் தொங்கவிடப்பட்ட திரை, அதனை நீக்கினாலும் பொருள் குறையாது என்பதே அம்முடிவு. எல்லா ஓவியங்களுக்கும் இது பொருந்தாது என்பதையும், பொருந்தாத இடத்தில் இச்சொல்லைக் கையாள்வது ஆய்வையே திசைதிருப்பும் என்பதையும் ஒரு சான்றின்வழி நிறுவ இக்கருத்துரை முயல்கின்றது.

அச்சான்று, நூரம்பெர்க் நகரத்துக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) ஏறத்தாழ 1501இல் உருவாக்கிய ‘புனித எஸ்தாக்கியார்’ என்னும் செப்புத்தகட்டுச் செதுக்கோவியமாகும். ஏறத்தாழ 35.5 செ.மீ. உயரமும் 26 செ.மீ. அகலமும் கொண்ட இது, அவர்தம் செதுக்கோவியங்களுள் அளவால் மிகப் பெரியது.

கதை நன்கறியப்பட்டதே. உரோமைப் பேரரசன் டிராஜனின் படைத்தலைவனான பிளாசிதுஸ் வேட்டையின்போது ஒரு கலைமானைத் துரத்திச் செல்கிறான். அதன் கொம்புகளுக்கிடையே சிலுவையில் அறையுண்ட கிறித்துவைக் காண்கிறான். மனம் மாறித் திருமுழுக்குப் பெற்று எஸ்தாக்கியார் என்னும் பெயர் ஏற்கிறான். பின்னர்ச் செல்வத்தையும் மனைவி மக்களையும் இழந்து, மீண்டும் அவர்களோடு கூடி, ஹேட்ரியன் காலத்தில் குடும்பத்துடன் மறைச்சாட்சியாக உயிர் துறக்கிறான். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாற்றுத் தொகுப்பு இக்கதையை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்து மரபில் இது எஸ்தாக்கியார் நாடகமாக வழங்கியமையால், தமிழ் ஆய்வாளர்க்கும் இக்கதை புதியதன்று. இதையொத்த மான் காட்சி ஹூபர்ட் என்னும் புனிதர்க்கும் ஏற்றிச் சொல்லப்படுவதால், செதுக்கோவியத்தில் இருப்பவர் யார் என்ற ஐயம் எழக்கூடும். 1520–21இல் நெதர்லாந்துப் பயணத்தின்போது எழுதிய நாட்குறிப்பில் டியூரரே இதனை எஸ்தாக்கியார் என்று குறித்திருப்பதால் அவ்வையத்திற்கு இடமில்லை.

இனிப் படத்தை நோக்குவோம். முன்னிடத்தில் ஐந்து வேட்டை நாய்கள் வெவ்வேறு நிலைகளில் உள்ளன. அடுத்துச் சேணமிட்ட குதிரை பக்கவாட்டில் நிற்கிறது. அதனை அடுத்தே மண்டியிட்ட வேடர் காணப்படுகிறார். மானும் அதன் கொம்பிடைச் சிலுவையும் சிறியனவாக ஒருபுறம் அமைந்துள்ளன. மேலே பாறைக்குன்றும் கோட்டையும், கோபுரத்தைச் சுற்றும் பறவைக் கூட்டமும் உள்ளன. கதையின் மையமான அருங்காட்சி, படத்தின் பரப்பில் மிகச் சிறிய இடத்தையே பெறுகின்றது.

இதனைக் குறையாகக் கொள்வாரும் உண்டு. கைத்திறனைக் காட்டும் ஆர்வத்தில் கலைஞர் புனிதத்தை மறந்தார் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தைப் புறந்தள்ளிவிட இயலாது. டியூரரின் செதுக்கோவியங்கள் விற்பனைக்கு உரியன. ஐந்து நாய்களை ஐந்து நிலைகளில் காட்டுவது திறன் காட்டலே. ஜார்ஜோ வசாரி 1568இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்றில் இப்படத்தைப் புகழும்போது, அந்நாய்களின் அழகையே சிறப்பாக எடுத்துரைக்கிறார். ஒரு வேட்டை நாயை டியூரர் தனியே தூரிகையால் வரைந்து பயின்ற தாள் இன்றும் விண்ட்சரில் உள்ளது. அது படத்தில் இடவலமாக மாறி இடம்பெற்றுள்ளது.

எனினும் திறன் காட்டல் என்பது நோக்கத்தின் ஒரு பகுதியை விளக்குமேயன்றிப் படத்தின் அமைப்பை விளக்காது. பார்ப்போரின் கண் முதலில் நாய்களிடமும் குதிரையிடமும் தங்குகின்றது. மண்டியிட்டவரின் நோக்கைப் பின்பற்றிச் சென்ற பின்னரே சிலுவையைக் காண்கின்றது. வேட்டையாட வந்தவன் எதிர்பாராத ஒன்றைக் காண்பதே கதையின் உயிர். அவ்வெதிர்பாராமையைப் படம் நமக்கும் நிகழ்த்துகின்றது. சிலுவை பெரிதாகவும் நடுவிலும் அமைந்திருப்பின் நாம் அதனை அறிந்துகொள்வோம், கண்டடைய மாட்டோம். துரத்த வேண்டிய நாய்கள் ஓய்ந்திருப்பதும் இப்பொருளுக்கு அரண் செய்கின்றது. வேட்டை முடிந்துவிட்டது என்பதை வேறெந்த அடையாளமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஊடகத்தின் இயல்பையும் கருதுதல் வேண்டும். செப்புத்தகட்டில் கலைஞர் உளியை முன்தள்ளிக் கோடு கோடாகப் பள்ளம் செய்கிறார். அப்பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய தாளை வைத்து அழுத்தும்போது உருவம் இடவலமாக மாறிப் பதிகின்றது. இங்கு வண்ணமோ, புனிதத்தைப் பிரித்துக் காட்டும் பொற்பூச்சோ இல்லை. இலை, நாயின் மயிர், கோட்டைச் சுவர், சிலுவை ஆகிய அனைத்தும் ஒரே உளியின் கோடுகளால் ஆனவை. ஒவ்வொரு கல்லும் தனித்தனியே உழைத்துச் செதுக்கப்பட்டிருக்கையில், அவற்றைத் திரை என்று சுருக்குவது படைப்புமுறைக்கே முரணானது.

உண்மையான பின்னணி எத்தகையது என்பதற்கும் டியூரரின் படைப்பொன்றே சான்றாகிறது. இப்போது மியூனிக் ஆல்ட்டே பினகோத்தேக்கில் உள்ள பவும்கார்ட்னர் பலிபீட ஓவியத்தின் பக்கப் பலகை ஒன்றிலும் எஸ்தாக்கியார் நிற்கிறார். அங்கு அவரை அடையாளம் காட்டுவது அவர் ஏந்திய கொடியிலுள்ள மான்தலையே. டியூரர் அவருக்குப் பின்னால் நிலக்காட்சி எதனையும் தீட்டவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அவ்வோவியம் பவேரிய அரசவைக்குச் சென்றபின், பிறிதொரு கை நிலக்காட்சியையும் குதிரையையும் சேர்த்தது. 1903இல் அச்சேர்க்கை நீக்கப்பட்டது. சேர்க்கவும் நீக்கவும் கூடியது எதுவோ அதுவே பின்னணி. செதுக்கோவியத்தில் நிலத்தை நீக்கினால் எஞ்சுவது மண்டியிட்ட ஒரு மனிதரும் ஒரு மானுமே. கண்டடைதல் என்னும் நிகழ்ச்சி எஞ்சாது.

இவ்விடத்தில் தமிழாய்வாளர் இயல்பாக நாடுவது திணைக் கோட்பாடு. முதல், கரு, உரி என்னும் பகுப்பைக் கொண்டு இப்படத்தின் காட்டை முல்லை என்றோ குன்றைக் குறிஞ்சி என்றோ வகைப்படுத்துவது எளிது. அவ்வெளிமையே ஐயுறத்தக்கது. திணை மரபில் நிலத்துக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பு புலவரும் கேட்போரும் முன்பே உடன்பட்ட வழக்கு. டியூரருக்கும் அவர்தம் படத்தை வாங்கியோர்க்கும் இடையே அத்தகைய உடன்படிக்கை இருந்ததில்லை. அவர் ஆல்ப்ஸ் வழியாக இத்தாலிக்குச் சென்ற முதற்பயணத்தை ஒட்டி நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டியவர். 1502இல் ஒரு முயலையும் 1503இல் ஒரு புல்திட்டையும் அவற்றின்பொருட்டே வரைந்தவர். எஸ்தாக்கியாரின் நிலம் அவ்வாண்டுகளைச் சேர்ந்தது. திணைக் கோட்பாடு, ‘நிலம் பொருளின் உறுப்பா?’ என்று வினவ நமக்குக் கற்றுத் தருகின்றது. அவ்வினாவுக்கான விடையை அப்படத்திடமிருந்தும் அதன் காலத்திடமிருந்துமே பெறுதல் வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். ஒன்று, அச்சுக்கலைப் படைப்புகளைப் பொதுப்பட ‘ஓவியம்’ என்று குறிக்காமல், செதுக்கோவியம், மரக்கட்டை அச்சு என ஊடகத்தையும் அளவையும் சுட்டுதல் வேண்டும். 35 செ.மீ. உயரமுள்ள படத்தை உள்ளங்கை அளவில் அச்சிடும்போது நுண்கோடுகள் கலந்து சாம்பல் நிறப் பரப்பாகிவிடுகின்றன. நிலம் அங்கு மெய்யாகவே திரையாகிவிடுகின்றது. மற்றொன்று, ‘பின்னணி’ என்னும் சொல்லை விளக்கத்தின் தொடக்கத்தில் கையாளாது, நிலத்தின் பங்கை ஆராய்ந்த பின்னர், அது பொருந்துமாயின் மட்டும் கையாளுதல் வேண்டும். சொல் முந்திக்கொண்டால் கண் பின்தங்கும். ஒப்பாய்வு வளர வேண்டுமாயின் கண் முந்திச் செல்லுதல் இன்றியமையாதது.